பின்னால் கட்டப்பட்ட நூல்

என் அக்காளின் கணவர் தம் வாழ்நாளில் ஒரேயொரு நூல் எழுதினார். மெலிந்த நூல்; மடக்கினால் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு பிரதியாவது இவ்வுலகில் எங்கேனும் எஞ்சியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் அக்காளின் கடைசி விருப்பமாக இருந்தது. அதற்கு விடை சொல்லும் இடத்தில் நான் இருந்தேன். சொல்லவும் செய்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். திருநெல்வேலியில் ஒரு வாழைத்தார் மண்டியில் கணக்கெழுதி ஓய்ந்தவன். எனக்கு வாய்த்த கல்வி யாவும் வாசகசாலைகளின் மரப்பெஞ்சுகளில் வாய்த்ததே. வேலையிலிருந்து நின்ற பிறகு பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் வட்டத்தில் சேர்ந்துகொண்டேன். நாங்கள் படித்த நூல்களைப் பற்றிக் கட்டுரை எழுதி இணையதளம் ஒன்றில் வெளியிட்டு வந்தோம். கட்டுரையைப் படித்தவர்கள் எல்லாரும் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும்? கடைகளில் கிடைக்காத பழைய நூல்களைப் பற்றியே நாங்கள் பெரும்பாலும் எழுதியதால், அக்கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை.

ஆகவே ஒரு காரியம் செய்தோம். மாவட்டத்தில் தத்தம் நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றியிருந்த சில சிறு நூலகங்களையும் வாசகசாலைகளையும் அணுகி, அவர்களுடைய பட்டியலோடு எங்கள் தளத்தை இணைத்தோம். பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தனிப் பக்கம் உண்டு. அப்பக்கத்தின் முகவரியை எடுத்து, அந்நூலைப் பற்றிய எங்கள் கட்டுரையின் அடியில் பொருத்திவிட வேண்டும். படிப்பவர் ‘எங்கே கிடைக்கும்?’ என்ற பொத்தானை அழுத்தினால், எந்த ஊர் நூலகம், எந்த அலமாரி, இப்போது உள்ளே இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்பன யாவும் தெரியும். பொருத்தும் பணி என்னுடையது. கணினியைத் தட்டுத் தடுமாறித்தான் கற்றேன். ஆயினும் கணக்கெழுதிப் பழகிய கை ஒரு வரியை விடாமல் சரிபார்க்கும்.

இப்பணியின் பயனை எனக்கு விளங்க வைத்தவர் சீவலப்பேரியிலிருந்து வந்த ஒரு பெண்மணி. வயல் வேலைக்குப் போகிறவர். மகளுடைய தேர்வுக்காக ஒரு நூலைத் தேடி டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். நூலைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: “அண்ணாச்சி, பஸ் ஏறி வந்து, இல்லன்னு சொல்லக் கேட்டுட்டுத் திரும்பிப் போறதுதான் எங்களுக்குப் பழக்கம். இன்னைக்குத்தான் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கேன்.”

ஒரு நூல் எந்தப் பட்டியலிலும் அகப்படாவிட்டால், ‘இணைந்துள்ள நூலகங்களில் இந்நூல் இல்லை’ என்ற வாசகம் தோன்றும். வட்டத்தார் கூடிப் பேசி அமைத்த வாசகம் அது. சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறது என்று அனைவரும் ஒப்புக்கொண்டோம்.

ஸ்ரீவைகுண்டத்தில் என் அக்காளின் வீடு ஆற்றுக்கு அணுக்கமானது. தாமிரபரணி கரை கடந்து வந்த அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கென்று வெள்ளையடித்திருந்த சுவர்களில் மார்பளவு உயரத்துக்குச் சேற்றுக் கோடு விழுந்தது. வெள்ளம் வடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அக்காள் மொட்டை மாடியில் ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதனுள் இருந்த தாள்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். அவை தாள்களாக இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் போல் இறுகியிருந்தன. நகத்தால் பிரிக்க முயன்றாள், பொடியாக உதிர்ந்தது.

அந்தப் பெட்டி அத்தானுடையது. அவர் இளவயதிலேயே இறந்துபோனார். அதன் பிறகு அக்காள் அப்பெட்டியை யார் முன்னிலையிலும் திறந்தவளல்லள். அவருடைய கையெழுத்துத் தாள்களும், அந்நூலின் ஒரு பிரதியும் அதற்குள் இருந்ததாக அக்காள் சொன்னாள்.

“ஏலே தம்பி, புஸ்தகம் எங்கன இருக்குன்னு ஒங்க கூட்டத்துல கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுதியளாமே. அத்தான் புஸ்தகம் எங்கனயாவது ஒண்ணு கிடக்கான்னு பாரேன்.”

“பாக்கேன் யக்கா. கிடைச்சா வாங்கிட்டே வந்துருதேன்.”

“வாங்கிட்டு வந்து நான் என்ன செய்ய? கண்ணு தெரியுதா எனக்கு? இருக்கான்னு மட்டும் பாரு. இருந்தாப் போதும்.”

அந்நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தான் ராதாபுரம் பக்கத்தில் ஒரு மிஷன் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். திருமணமான புதிதில் இருவரும் அங்கேதான் குடியிருந்தார்கள். ஆற்றங்கரையில் வளர்ந்த என் அக்காளுக்கு அந்தப் பனங்காட்டு வெயிலும் செம்மணல் மேடான தேரியும் பழகுவதற்கு வெகுகாலம் ஆயிற்று. அத்தான் அவ்வட்டாரத்துப் பிள்ளைகள் படிப்பதற்காக, அந்த வறண்ட பூமியைப் பற்றியே சிறு சிறு பாடங்களாக எழுதி, தம் செலவில் கொஞ்சம் பிரதிகள் அச்சிட்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். மண்டிக்கு வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போனார், அதோடு போயிற்று.

அதில் கிணற்றைப் பற்றி ஒரு பாடம் உண்டென்று அக்காள் சொல்வாள். ஆழக் கிணற்றில் ஒரு பெண் தண்ணீர் இறைக்கிறாள். இறைத்த முதல் வாளியைக் கிணற்றடியில் நிற்கும் வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டுத்தான் தன் குடத்தை நிரப்புகிறாள். அந்தப் பெண் அக்காள்தான்.

“ஊர்ப் பொம்பளைய எல்லாம் என்னைப் பாத்துச் சிரிப்பாளுவ. குடிக்கத் தண்ணி இல்ல, ஆத்தங்கரைக்காரி மரத்துக்கு ஊத்துதா பாருன்னு. அந்தக் கன்னு அந்தக் கோடையிலேயே பட்டுப்போச்சுலே. புஸ்தகத்துல மட்டும் ஒங்க அத்தான் சாகவிடல. மரமாக்கி நிழல்ல ஆளை உக்காத்தி வச்சிட்டாரு.”

இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். கிறிஸ்துமஸ் அன்று ஆலயத்தில் சிரித்து நிற்கும் புதுமணப் பெண் போல அந்தச் சிரிப்பு இருக்கும்.

நான் தேடினேன். நூலின் பெயரால் தேடினேன். அத்தானின் பெயரால் தேடினேன். தலைப்பெழுத்தை மாற்றியும் விட்டும் தேடினேன். ஒவ்வொரு முறையும் எங்கள் தளம் அந்த ஒரே வாசகத்தையே காட்டிற்று. ராதாபுரம் வட்டத்தில் உள்ள பழைய வாசகசாலை ஒன்றுக்கு அத்தான் நூல் கொடுத்திருக்கக் கூடும் என்று எண்ணி, அங்கிருந்த நூலகர் அம்மாளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் அலமாரி அலமாரியாகப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தார்.

“ஒவ்வொரு புஸ்தக முதுகா வாசிச்சுட்டேன் அண்ணாச்சி. அப்படி ஒரு பேரே இல்ல. இனி கரையான்கிட்டத்தான் விசாரிக்கணும்.”

“கரையான் பட்டியல் நம்ம தளத்துல இன்னும் சேரலையே அம்மா” என்றேன். இருவரும் சிரித்தோம். பிறகு அக்காளிடம் போய், இல்லை என்று சொன்னேன்.

“நல்லாப் பாத்தியாலே? வாசகசாலை வாசகசாலையா சைக்கிள்ல கொண்டு குடுத்தாரே. புழுதியோட வந்து வாசல்ல நிப்பாரு, மூஞ்சி கழுவத் தண்ணி குடுப்பேன். எனக்குத் தெரியாதா?”

அவ்வமயம் அவளுடைய மகன் அங்கே இருந்தான். கோயம்புத்தூரில் வேலை. வெள்ளத்துக்குப் பிறகு தாயைத் தனியே விட மனமின்றி அடிக்கடி வந்துபோய்க்கொண்டிருந்தான். தாயிடம் மெய்யான பாசம் உள்ள பிள்ளை; அதை நான் மறுக்கவே மாட்டேன். தகப்பனார் இறந்தபோது அவன் கைக்குழந்தை. அந்நூலை அவன் கண்ணால் கண்டதில்லை.

“மாமா, நீங்க பாத்தேன்னு சொல்லுதியளே, அட்டை என்ன நிறம்?” என்று கேட்டான்.

“பச்சை” என்றேன்.

“மஞ்சள்லா” என்றாள் அக்காள்.

“சரியாப் போச்சு. மாமா பச்சைங்காவ, அம்மா மஞ்சளுங்காவ. ரெண்டு பேரும் பாத்தது ஒரே புஸ்தகந்தானா, இல்ல ஆளுக்கொண்ணா?”

அன்று மூவரும் சிரித்தோம். அதில் குத்தல் ஏதுமில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து அவன் என்னைத் தனியே அழைத்துச் சென்று பேசியபோது சிரிப்பு இல்லை.

“மாமா, அம்மா அடுப்பை அணைக்க மறந்துருதாவ. வந்தவுகளையே மறுபடி எப்ப வந்தியன்னு கேக்காவ. டாக்டரும் ஞாபகம் பிசகுதுன்னுதான் சொல்லுதாரு. இந்தப் புஸ்தகமும் அப்படித்தான்னு எனக்குத் தோணுது. அப்பா எழுதி வச்சிருந்தது உண்மை. வெள்ளத்துல ஒட்டிப்போன அந்தத் தாளை நானே பாத்தேன். அச்சாச்சுங்கதுதான் அம்மா மனசுல உண்டானது.”

“நான் பாத்திருக்கேன் மாப்ளே.”

“நீங்களே எல்லா நூலகத்துலயும் தேடிட்டு இல்லன்னு சொல்லுதிய. இல்லாதத இருக்குன்னு எப்படி மாமா அம்மாவ நம்ப விடச் சொல்லுதிய? பைய எடுத்துச் சொல்லி மறக்க வச்சிருவோம்.”

அவன் பைய எடுத்துச் சொன்னான். மருமகளும் அன்போடு எடுத்துச் சொன்னாள். கணினியிலேயே இல்லையாம் என்ற சொல் அவ்வீட்டில் கனிவாகவும் திரும்பத் திரும்பவும் சொல்லப்பட்டது. மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது போல் கொடுத்தார்கள், அக்காளும் விழுங்கிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியாததால் காம்புகளும் கீரையோடு சேர்ந்து விழுந்துகொண்டிருந்தன. நான் கேளாமலே அவள் பேச்சைத் தொடங்கினாள்.

“அவரு அச்சடிக்கணும் அச்சடிக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு தம்பி. அதுக்குள்ள கர்த்தர் கூப்பிட்டுட்டாரு.”

“அச்சடிச்சாரே யக்கா. என் கையில ஒண்ணு குடுத்தாரே.”

“நீ பச்சைன்னு சொன்னியே. அது வேற ஏதாவது புஸ்தகமா இருக்கும்.”

“சைக்கிள்ல கொண்டு போய்க் குடுத்தது?”

“சைக்கிள்ல அவரு தெனமுந்தான போவாரு.” கீரையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எனக்குத்தான் மூளை கலங்கிப்போச்சு. கிணத்தடியில நின்னதும் கன்னுக்கு ஊத்துனதும் நெசந்தான். அவரு அத எழுதுனாருன்னு நானா நெனச்சுக்கிட்டேன் போல. விடு.”

அதற்குப் பிறகு அவள் அந்நூலைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. கிணற்றடிப் பாடத்தைச் சொல்லிச் சிரிப்பதும் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு நெற்பயிர் கதிர் விடும் காலத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அடக்க ஆராதனையில் போதகர் அவளைப் பற்றி நல்ல வார்த்தைகள் கூறினார். அத்தானைப் பற்றியும் கூறினார்: உத்தமமான ஆசிரியர் என்று. நூலைப் பற்றி எவரும் எதுவும் கூறவில்லை.

சில மாதங்கள் சென்றன. ஒரு காலைப் பொழுதில் ராதாபுரம் பக்கத்து நூலகர் அம்மாளிடமிருந்து அழைப்பு வந்தது. மூச்சு வாங்கப் பேசினார்.

“அண்ணாச்சி, ஒங்க பட்டனை அமுக்கிட்டு வள்ளியூர்ல இருந்து ஒருத்தர் வந்திருக்காரு. கருப்பட்டி காய்ச்சுத புஸ்தகம் வேணும்னாரு. நீங்கதான் அதுக்கு இணைப்புப் போட்டிய. எடுத்துக் குடுத்தேன். அவரு பொரட்டிப் பாத்துட்டு, ‘என்னம்மா, கருப்பட்டிக்குப் பின்னால ஆட்டுக்கு வைத்தியம் வருது, அதுக்குப் பின்னால பள்ளிக்கூடப் பாடம் வருது’ன்னு கேக்காரு. வாங்கிப் பாத்தேன் அண்ணாச்சி. ஒங்க அத்தான் பேரு போட்டிருக்கு.”

“அண்ணாச்சி, இருக்கியளா?” என்று அவர் இரண்டு முறை கேட்டார்.

எங்கள் பக்கத்து வாசகசாலைகளில் முற்காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மெலிந்த நூல்கள் அலமாரியில் நிற்கமாட்டா. சரிந்து பெரிய நூல்களுக்கு இடையில் விழுந்து மடங்கிப்போகும். ஆதலால் பைண்டர் வரும்போது, ஒரே அளவுள்ள மெலிந்த நூல்கள் நாலைந்தை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, காலிகோ துணி ஒட்டிக் கட்டச் சொல்வார்கள். அளவு ஒத்திருந்தால் போதும். பொருள் ஒத்திருக்க வேண்டியதில்லை. முன்னால் இருக்கும் நூலின் பெயரை மட்டும் முதுகில் எழுதுவார்கள். அக்காலத்து வாசகர்களுக்கு அது தெரியும். எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்கள். பின்னாளில் நூற்பட்டியலைக் கணினியில் ஏற்ற வந்தவர்கள் முதுகைப் பார்த்து ஏற்றினார்கள். ஒரு கட்டு, ஒரு பெயர். பின்னால் கட்டப்பட்டவை யாவும் அலமாரியில் இருந்துகொண்டே இல்லாமற் போயின.

மறுநாள் பேருந்து ஏறிப் போனேன். நூலகர் அம்மாள் மேசை மீது ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அந்த நூற்கட்டை அதன்மேல் வைத்திருந்தார்.

“எங்க அலமாரியிலேயே இருந்திருக்காரு அண்ணாச்சி. தெனமும் நான்தான் தூசி தட்டுதேன். கரையான் தின்னுருக்கும்னு வேற சொன்னேன்.” அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

நூலின் அட்டை பச்சையா மஞ்சளா என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. ஊசி இறங்காது என்று பைண்டர் அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் தைப்பார். எஞ்சிய தாள்கள் பழுப்பேறியிருந்தனவே அன்றி, எழுத்துகள் கெடவில்லை. கிணற்றடிப் பாடம் நடுவில் இருந்தது. முதல் வாளி கன்றுக்கு, பிறகே குடத்துக்கு. ஊர்ப் பெண்கள் சிரிப்பதும் இருந்தது. கடைசியில் கன்று வளர்ந்து மரமாகி, அதன் நிழலில் ஒரு வழிப்போக்கர் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். அக்காள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அடுப்பை அணைக்க மறந்தவள் அவள். வந்தவரை மறந்தவள் அவள். இதை மறக்கவில்லை. நாங்கள்தான் சொல்லிச் சொல்லி அவளை மறக்கச் செய்தோம்.

அன்றே நூலகர் அம்மாள் அந்தக் கட்டுக்குள் இருந்த ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியாகப் பட்டியலில் பக்கம் திறந்தார். மற்ற கட்டுகளையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். நான் வீடு திரும்பி, அத்தானின் நூலுக்கு இணைப்பைப் பொருத்தினேன். வட்டத்தாரிடம் பேசி, ‘இந்நூல் இல்லை’ என்ற வாசகத்தையும் மாற்றினோம். ‘பட்டியலில் காணப்படவில்லை, நூலகத்தில் நேரில் கேட்டுப் பார்க்கவும்’ என்று இப்போது வரும். முன்னதைப் போல் அது சுருக்கமாக இல்லை.

அக்காளின் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு அந்த நூற்கட்டை என் பெயரில் இரவல் வாங்கிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் போனேன். ஜெபம் முடிந்து உறவினர் கலைந்த பிறகு, மகனையும் மருமகளையும் உட்காரவைத்து அப்பாடத்தை வாசித்தேன். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் கட்டை வாங்கித் தன் தகப்பனாரின் பெயர் அச்சாகியிருந்த இடத்தை விரலால் தொட்டான். தன் கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தான். எடுத்து முடித்தும் திருப்பித் தரவில்லை.

“மாமா, இதக் கண்டிப்பாத் திருப்பிக் குடுக்கணுமா?”

“குடுக்கணும் மாப்ளே.”

“தொலஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தா விட்டுருவாவல்லா? அதுக்கு என்ன உண்டோ நான் கட்டிருதேன். எங்க வீட்டுல இருக்க வேண்டிய புஸ்தகந்தான மாமா இது.”

“தொலஞ்சு போச்சுன்னு என்னை எழுதச் சொல்லுதியா?”

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பிறகு தாழ்ந்த குரலில், “அம்மா இருந்தா வேணும்னு கேட்டிருப்பாவ” என்றான்.

“ஒங்கம்மா கேக்கல. வாங்கிட்டு வாரேன்னு நான்தான் சொன்னேன். எங்கனயாவது இருந்தாப் போதும்னு சொல்லிட்டாவ.”

அவன் நூற்கட்டை என் மடியில் வைத்தான். அவ்வீட்டுச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஆனாலும் வெள்ளத்தின் கோடு மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. நான் அங்கே இரவு தங்கவில்லை.

இரவல் தவணை முடியுமுன் ராதாபுரம் பக்கம் போய் நூலைத் திருப்பிக் கொடுத்தேன். நூலகர் அம்மாள் வரவு வைத்துவிட்டு, சிறிது தயங்கினார்.

“அண்ணாச்சி, இத உள்ள பூட்டி வைக்கட்டா? வேற யாராவது கேட்டா என்ன செய்ய? வெளிய குடுக்கவா?”

“குடுங்க அம்மா.”

“தொலைச்சுட்டாவன்னா?”

“கேட்டு வந்தாக் குடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

அவர் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு போய், கருப்பட்டி நூலின் பெயர் எழுதிய முதுகு வெளியே தெரியும்படி, அது இருந்த இடத்திலேயே செருகினார். இருபுறமும் இருந்த நூல்களைத் தள்ளிச் சரிசெய்தார். நான் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.